யார்க்டவுனில் கதவை அடைத்தது கடல்தான்: பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"அமெரிக்க விடுதலையை வென்று தந்தது வாஷிங்டனின் தரைப்படையா, பிரெஞ்சுக் கடற்படையா?" என்பது தலைப்பு. கடற்படையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் டிரென்டனில் தொடங்கினார். 1776 டிசம்பர் 25 இரவு, பனிக்கட்டி மிதந்து வந்த டெலவேர் ஆற்றை 2,400 பேர் படகில் கடந்தார்கள். மறுநாள் காலை பிரிட்டிஷார் அமர்த்தியிருந்த ஹெஸ்ஸிய (ஜெர்மானிய) கூலிப்படையில் சுமார் 900 பேரைச் சிறைபிடித்தார்கள். அந்த வீரத்தைக் குறைத்துப் பேசினால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால், ஐயா, டிரென்டன் வெற்றி படை கலைந்து போகாமல் காப்பாற்றியது, அவ்வளவுதான். பிரிட்டிஷாரிடமிருந்து நியூயார்க்கை அது மீட்டதா? இல்லையே!

அடுத்து சரடோகாவைச் சொன்னார். "1777 அக்டோபர் 17-இல் பிரிட்டிஷ் ஜெனரல் பர்காயின் சரணடைந்தபோது எந்தப் பிரெஞ்சுக் கடற்படை அங்கே இருந்தது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடற்படை இல்லைதான். ஆனால் வீரர்களின் கையில் இருந்த துப்பாக்கியையும் வெடிமருந்தையும் கேளுங்கள். வெடிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு, மீதி கரியும் கந்தகமும். அந்த வெடியுப்பு அன்று பெருமளவில் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் போனது. அந்த வணிகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிடியில் இருந்தது. குடியேற்றங்களில் ஆலை வைக்கலாம், உப்புக்கு எங்கே போவது? 1775 ஆகஸ்டில் பாஸ்டன் முற்றுகையின்போது கையிருப்பைக் கணக்கெடுத்த வாஷிங்டனுக்கு, ஆளுக்கு ஒன்பது வேட்டுக்கு மேல் தேறாது என்று தெரியவந்தது. போரின் முதல் இரண்டரை ஆண்டுகளில் செலவான மருந்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு வெளியிலிருந்து வந்த மருந்து, அல்லது வெளியிலிருந்து வந்த உப்பில் அரைத்தது. 1777 வசந்தத்தில் மெர்க்யூர், ஆம்ஃபிட்ரைட் என்ற இரண்டு பிரெஞ்சுச் சரக்குக் கப்பல்கள் நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மவுத்தில் ஆயுதம் இறக்கின. அந்த ஆயுதங்கள்தான் சரடோகாவுக்குப் போயின. சரடோகாவின் பெரும்பலன் என்ன? 1778 பிப்ரவரி 6-இல் பிரான்சுடன் கையெழுத்தான உடன்படிக்கை. ஆக, எதிரணியின் வலுவான சாட்சியே என் பக்கம் வந்து நிற்கிறது.

சொந்தக் கப்பல்களை வைத்து அவர்கள் முயலவில்லையா? முயன்றார்கள். 1779-இல் மாசசூசெட்ஸ் சுமார் 40 கப்பல்களைத் திரட்டிப் பெனாப்ஸ்காட் விரிகுடாவுக்கு அனுப்பியது. பிரிட்டிஷ் உதவிக் கப்பல்கள் வந்ததும் தங்கள் கப்பல்களைத் தாங்களே கொளுத்திவிட்டுக் காட்டுவழியே நடந்து ஊர் திரும்பினார்கள். இதையெல்லாம் பார்த்த வாஷிங்டன், 1780 ஜூலையில் பிரெஞ்சுத் தளபதி ரொஷாம்போவுக்கு அனுப்பிய குறிப்பில், எந்த நடவடிக்கைக்கும் கடலில் தெளிவான மேலாதிக்கமே அடிப்படை என்று எழுதினார். எதிரணியின் கதாநாயகனே இந்த வழக்கில் எங்கள் சாட்சி!

இனி யார்க்டவுன். வர்ஜீனியாவில் செசபீக் விரிகுடாவை ஒட்டிய இந்த ஊரில்தான் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் படையோடு முகாமிட்டிருந்தார். வழக்கு தீர்வது அங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

1781 ஆகஸ்ட் 14-இல் வாஷிங்டன் கைக்கு ஒரு செய்தி வந்தது. பிரெஞ்சு அட்மிரல் டி கிராஸ் செசபீக் விரிகுடாவுக்கு வருகிறார், அக்டோபர் 15 வரைதான் இருப்பார். அதுவரை நியூயார்க்கைத் தாக்க வேண்டும் என்றே இருந்த வாஷிங்டன், அந்தக் கடிதத்துக்காகத் திட்டத்தை மாற்றினார். நியூயார்க்கில் இருந்த பிரிட்டிஷ் தலைமைத் தளபதி கிளின்டனை ஏமாற்ற நியூ ஜெர்சியில் ரொட்டி அடுப்புகள் கட்டச் சொல்லிவிட்டு, படையைத் தெற்கே திருப்பினார். எந்த ஊரில், எந்தத் தேதிக்குள் போர் என்பதைத் தீர்மானித்தது கப்பலின் நாள்கணக்கு.

டி கிராஸ் செய்த துணிச்சலைப் பாருங்கள். மேற்கிந்தியத் தீவுகளில் பிரெஞ்சு வணிகக் கப்பல்கள் துணைக்காகக் காத்திருந்தன. அவற்றைக் காக்க வைத்துவிட்டு, தன்னிடமிருந்த 28 பெரும் போர்க்கப்பல்களையும் வடக்கே கொண்டுவந்தார். கூடவே 3,000-க்கும் மேற்பட்ட படைவீரர்கள், ஹவானாவில் திரட்டிய 12 லட்சம் லிவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) பணம். எதிர்ப்பக்கம் பிரிட்டிஷார் அனுப்பியது ஹூட் தலைமையில் 14 கப்பல். ஹூட் முந்திக்கொண்டு ஆகஸ்ட் 25-இல் செசபீக்கை எட்டிப் பார்த்தார், எதிரி யாருமில்லை, நியூயார்க்குக்குப் போய்விட்டார். ஐந்தே நாளில் டி கிராஸ் உள்ளே வந்து நங்கூரம் பாய்ச்சிவிட்டார்.

செப்டம்பர் 5-இல் பிரிட்டிஷ் அட்மிரல் கிரேவ்ஸ் 19 கப்பலோடு வந்தார். பிரெஞ்சு மாலுமிகள் நூற்றுக்கணக்கில் படகுகளோடு கரையில் இருந்தார்கள். காத்திருக்க நேரமில்லை. நங்கூரக் கயிறுகளை வெட்டிவிட்டு, ஆள் குறைவாகவே 24 கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்து வெளியே வந்தன. கிரேவ்ஸ் அப்போதே பாய்ந்திருந்தால் கதை வேறு. அவரோ தன் வரிசையைச் சீர்படுத்திக்கொண்டிருந்தார். அதற்குமேல் ஒரு குளறுபடி: "வரிசை கலையாமல் வா", "நெருங்கித் தாக்கு" என்ற இரண்டு கொடிச் சைகைகளும் சேர்ந்தே பறந்தன. வரிசையின் பின்பகுதியில் இருந்த ஹூட் முதல் சைகைக்குக் கட்டுப்பட்டு வரிசையிலேயே நின்றார். அவருடைய ஏழு கப்பல்கள் ஏறக்குறைய சண்டையிலேயே சேரவில்லை. பிரிட்டிஷாரின் டெரிபிள் என்ற கப்பல் சேதம் தாங்காமல், பின்னர் அவர்களாலேயே கொளுத்தப்பட்டது. பிரெஞ்சுக் கப்பல் ஒன்றுகூட மூழ்கவில்லை. இவர்கள் வெளியே மோதிக்கொண்டிருந்த நாட்களில் இன்னொரு பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி பராஸ் எட்டுக் கப்பலோடு நியூபோர்ட்டிலிருந்து விரிகுடாவுக்குள் நுழைந்துவிட்டார். அவர் கொண்டுவந்தது முற்றுகைப் பீரங்கிகள். மண்மேட்டு அரணை உடைக்கக் கனமான பீரங்கி வேண்டும். அவ்வளவு கனத்தை நியூபோர்ட்டிலிருந்து வர்ஜீனியாவுக்குச் சாலைவழி இழுத்துக்கொண்டு வந்திருந்தால், டி கிராஸ் கெடு முடிந்து கிளம்பியிருப்பார்.

அக்டோபர் 6 இரவு முதல் அகழி வெட்டினார்கள், 9-இல் பீரங்கிகள் முழங்கின. 14 இரவு 9-ஆம் எண் கொத்தளத்தைப் பிரெஞ்சுக்காரர் 400 பேரும், 10-ஆம் எண் கொத்தளத்தை ஹாமில்டன் தலைமையில் அமெரிக்கர் 400 பேரும் பிடித்தார்கள். குண்டு நிரப்பாத துப்பாக்கியோடு, வெறும் துப்பாக்கிமுனை ஈட்டியை நம்பி ஓடினார்கள் ஹாமில்டனின் ஆட்கள். தலைவணங்குகிறேன். ஆனால் கார்ன்வாலிஸ் ஏன் அந்த அரணுக்குள் அகப்பட்டுக் கிடந்தார்? கரையோரம் முகாம் போட்டவர் அவர். கடல் திறந்திருந்தால் ஒரே இரவில் கப்பலேறியிருப்பார்.

16 இரவு, படகில் யார்க் ஆற்றைக் கடந்து தப்பப் பார்த்தார், புயல் மறித்தது. எதிரணி அந்தப் புயலையும் கணக்கில் சேர்க்கலாம். கடல் திறந்திருந்தால் அவர் ஆற்றின் பக்கமே போயிருக்க வேண்டாம் என்பதே என் பதில். 19-இல் 7,000-க்கும் மேற்பட்டோர் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். அதே 19-இல்தான் கிளின்டன் 25 போர்க்கப்பல்களோடும் 7,000 வீரர்களோடும் நியூயார்க்கை விட்டுக் கிளம்பினார். செசபீக் வாயிலுக்கு வந்து சேர்ந்தது 24-இல். கடற்போரில் அடிபட்ட கப்பல்களைச் செப்பனிடுவதில் கழிந்த நாட்கள் அவரைக் கவிழ்த்துவிட்டன.

"1778-இல் நியூபோர்ட்டிலும் 1779-இல் சவன்னாவிலும் பிரெஞ்சுக் கப்பல் வந்தும் தோற்றீர்களே" என்று எதிரணி கேட்கும். நியூபோர்ட்டில் புயல் இரு கப்பற்படைகளையும் சிதறடித்தது. சவன்னாவில் கப்பல்கள் தங்க நாளில்லை என்று அவசரப்பட்டுத் தாக்கினார்கள். கடலைக் கையில் வைத்திருக்க முடியாத இடத்தில் தரைப்படையும் நிற்க முடியவில்லை.

யார்க்டவுன் முடிந்த கையோடு, "அடுத்து சார்ல்ஸ்டனுக்கு வாருங்கள்" என்று வாஷிங்டன் டி கிராஸைக் கேட்டுக்கொண்டார். கெடு தாண்டிவிட்டது என்று அவர் நவம்பர் தொடக்கத்தில் புறப்பட்டுப் போய்விட்டார். வாஷிங்டனின் படை அப்படியேதான் இருந்தது, அதே வீரர்கள், அதே தளபதி. ஆனால் சார்ல்ஸ்டனைப் பிரிட்டிஷார் தாங்களாகக் காலிசெய்தது 1782 டிசம்பர் 14-இல், நியூயார்க்கை 1783 நவம்பர் 25-இல். இடைப்பட்ட அந்த இரண்டு ஆண்டுகளில் இவ்விரு துறைமுகங்களில் ஒன்றையாவது தரைப்படை தனியாகக் கைப்பற்றியதா என்று எதிரணியைச் சொல்லச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.