62 என்றால் 62தானா?

நேயர்களுக்கு வணக்கம். எடை பார்க்கும் மெஷினில் ஏறி இறங்கி, மறுபடி ஏறினால் முள் கொஞ்சம் தள்ளி நிற்கும். மெஷினைத் திட்டுவோம். தேர்வு மதிப்பெண்ணை மட்டும் கல்வெட்டாக எடுத்துக்கொள்கிறோம். அதே பிள்ளை, அதே தரத்தில் வேறொரு வினாத்தாள்; அதே மதிப்பெண் வருமா? வேறொருவர் திருத்தினால்? இதைத்தான் நம்பகத்தன்மை என்கிறோம்.

1912-இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஆங்கில விடைத்தாள்களைப் பிரதியெடுத்து, பல பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். ஒரே தாளுக்கு மதிப்பெண்கள் தாறுமாறாக வந்தன. மொழிப்பாடம்தானே, அப்படித்தான் இருக்கும் என்பீர்கள். 1913-இல் அவர்களுடைய வடிவியல் தாள் முடிவும் வெளிவந்தது. 30-க்குக் கீழே போட்டவரும் உண்டு, அதே தாளுக்கு 90-க்கு மேல் போட்டவரும் உண்டு. கணக்கில், ஐயா, கணக்கில்! வழிமுறைக்கு எவ்வளவு, இறுதி விடைக்கு எவ்வளவு, கையெழுத்துக்குக் குறைக்கலாமா என்று முன்கூட்டியே பேசிவைக்காவிட்டால் கணக்கும் கட்டுரை மாதிரிதான்.

திருத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு தாளை முழுதாகத் திருத்திவிட்டு அடுத்ததை எடுக்காதீர்கள். முதல் கேள்வியை எல்லாத் தாளிலும் திருத்துங்கள். கட்டைக் கலைத்துப் போட்டு இரண்டாம் கேள்விக்கு வாருங்கள். பிரமாதமான தாளுக்கு அடுத்து வருகிற சுமாரான தாள் அடிவாங்கும். கலைத்துவிட்டால் ஒவ்வொரு கேள்விக்கும் அதே பிள்ளை மாட்டிக்கொள்ளாது. இரண்டாவது ஆள் திருத்துவதானால் முதலாமவர் போட்ட மதிப்பெண் அவர் கண்ணில் படக்கூடாது. சிவப்பு மையைப் பார்த்துவிட்டால் கை தானாக அதன் பக்கம் சாயும். அப்புறம் இருவர் திருத்தியதாகச் சொல்வது பேருக்குத்தான்.

சரி, எண்ணுக்கு வருவோம். நம்பகத்தன்மைக் கெழு, அதாவது தேர்வை எவ்வளவு நம்பலாம் என்று பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே சொல்லும் எண், 0.91. மதிப்பெண்களின் திட்ட விலக்கம், அதாவது எல்லாப் பிள்ளைகளின் மதிப்பெண்களும் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு, 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.91 என்றால் அருமையான தேர்வு. ஒன்றில் அதைக் கழித்தால் 0.09, வர்க்கமூலம் 0.3, பத்தால் பெருக்கினால் 3. இதுதான் அளவீட்டின் திட்டப்பிழை; மதிப்பெண் வழக்கமாக எவ்வளவு தள்ளி நிற்கும் என்ற கணக்கு. 62 வாங்கிய பிள்ளையின் உண்மைத் திறன் 59-க்கும் 65-க்கும் நடுவே எங்கோ இருக்கிறது என்று சொல்லலாம். அதுவும் மூன்றில் இரண்டு பங்கு உறுதியோடுதான். இரண்டு பிள்ளைகளை ஒப்பிட்டால் இருவர் பிழையும் சேர்ந்து, 3 என்பது 4-க்கு மேல் போய்விடும். இதில் 62-க்கும் 63-க்கும் என்ன வித்தியாசம்? திரும்பவும் சொல்கிறேன், இது அருமையான தேர்வின் கதை.

கேள்விகளைக் கூட்டினால் நம்பகத்தன்மை ஏறும். 20 கேள்வியில் 0.60 என்றால், அதே தரத்தில் 40 கேள்விக்கு 0.75, 80 ஆக்கினால் ஏறக்குறைய 0.86. ஏற்றம் வரவரக் குறைகிறது பாருங்கள். பிள்ளையும் களைத்துவிடும்.

நேரமாகிவிட்டதென்று கைகாட்டுகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் கிரான்பாக் 1951-இல் எழுதிய ஆல்ஃபா பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன்; ஒரு தேர்வின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை வைத்துக் கணக்கிடும் நம்பகத்தன்மை எண் அது. ஒன்றே ஒன்று: ஒரே கேள்வியை நாலு விதமாக மாற்றிக் கேட்டாலும் ஆல்ஃபா ஜோராக ஏறும், அதைக் காட்டி யாராவது தேர்வை விற்க வந்தால், முதலில் வினாத்தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வணக்கம்.