கடைசியாய் வந்தவர் முதலில் பேசட்டும்

(திருகோணமலையில் விளையாட்டுக் கழகக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். கதிரை போதாமல் வாசலில் நிற்கிற தம்பிமார் உள்ளே வாருங்கள், தரையில் இருந்தாலும் பரவாயில்லை. அந்த வாசலைத்தான் தென்மேற்குக் கச்சான் காற்று அடிக்கிறது, நீங்கள் மறைத்துக்கொண்டு நின்றால் உள்ளே எல்லோருக்கும் புழுக்கம்.

இன்று மேடைக்கு வரப்போகிறவர்கள் ஒருவரும் பெரிய பதக்கக்காரர் இல்லை. வங்கியில் வேலை பார்க்கிறவர், கணக்குப் படிப்பிக்கிறவர், தோணி வைத்திருக்கிறவர், இரண்டு பிள்ளைகளின் அம்மா. இந்தக் கோடையில் ட்ரையத்லனும் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்கிற போட்டி) வீதி ஓட்டமும் செய்துவிட்டு வந்து, நடந்ததைச் சொல்லப் போகிறார்கள். எனக்கு அவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. எத்தனை நிமிடத்தில் முடித்தீர்கள் என்பதைக் கடைசியில் சொல்லுங்கள். அதைச் சுவரில் ஒட்டிய தாளிலேயே பார்த்துவிட்டோம். இடையில் என்ன நடந்தது, அதைச் சொல்லுங்கள்.

கதை சொல்வது இந்த விளையாட்டோடு கூடப் பிறந்த பழக்கம். இப்போது நாம் அறிந்த வடிவில் ட்ரையத்லன் 1974 செப்டெம்பரில் அமெரிக்காவின் சான் டியாகோவில் நடந்தது. நாற்பத்தாறு பேர். ஒரு புதன்கிழமை வேலை முடிந்து வந்து தொடங்கினார்கள், முடிப்பதற்குள் இருட்டிவிட்டது, கார்களின் விளக்கைப் போட்டு வழி காட்டினார்கள். அதில் கலந்துகொண்ட ஜோன் கொலின்ஸ் என்ற கடற்படை அதிகாரிதான் 1978-இல் ஹவாயில் அயன்மேன் என்ற நீண்ட தூர ட்ரையத்லனைத் தொடங்கினார். 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 சைக்கிள், 42.2 ஓட்டம். வந்தவர்களுக்குக் கொடுத்த தாளில் இந்தத் தூரங்களை எழுதி, கீழே எழுதியிருந்தது: வாழ்நாள் முழுக்கப் பெருமை பேசு! பெரிய பரிசே அதுதான்.

பதினைந்து பேர் தொடங்கி, பன்னிரண்டு பேர் முடித்தார்கள். வென்றவர் கோர்டன் ஹாலர், 11 மணித்தியாலம் 46 நிமிடம். இந்த எண்ணை நாளைக்கு உங்களில் எத்தனை பேர் ஞாபகம் வைத்திருப்பீர்கள்? ஆனால் இரண்டாவதாக வந்த ஜோன் டன்பாரின் கூட்டாளிகளிடம் தண்ணீர் தீர்ந்துபோய், ஓடுகிற மனிசனுக்குப் பியரைக் கொடுத்தார்கள் என்றால், அதை வீட்டுக்குப் போய்ச் சொல்லுவீர்கள்.

நம்முடைய பக்கத்திலும் அப்படித்தான். வல்வெட்டித்துறைக் குமார் ஆனந்தன் 1971-இல் பாக்கு நீரிணையைப் போகவும் வரவும் நீந்தினார், 51 மணித்தியாலம். எண் மனதில் நிற்கிறது. நடுக்கடலில் அந்த இரவு எப்படி இருந்தது என்றுதான் எனக்குக் கேட்க ஆசை.

சரி, நம்முடைய கடலுக்கு வருவோம். வெளியூரிலிருந்து இறக்கிய பயிற்சி அட்டவணைகளில் உப்புவெளியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கோடையில் நமது கரையோரத்துக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். தென்மேற்குக் காற்று தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுவதால் கரையில் அலை எழும்பாது. பார்த்தால் பயமே வராது. அந்தக் காற்றுத்தான் மெதுமெதுவாக உங்களை வெளியே தள்ளும். போகும்போது லேசாக இருந்த நீச்சல், திரும்பும்போது பாரமாகிவிடும். தோணிக்காரரைக் கேட்டால் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லுவார், அவருக்கு அது பழசு. முதல்முறை போட்டிக்கு வருகிற பிள்ளைக்கு யார் சொல்வது?

இன்னொன்று. நமக்குக் கடல் கிழக்கே. காலை ஆறரைக்கு மிதவையைப் பார்த்து நீந்தினால் சூரியன் நேரே கண்ணாடிக்குள் இறங்கும். மிதவை தெரியாது. ஆறேழு கைவீச்சுக்கு ஒருதரம் தலையைத் தூக்கிப் பார் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். தூக்கினால் வெளிச்சந்தான் தெரிகிறது! ஒரு தங்கச்சி என்னிடம் சொன்னா, தான் மிதவையைத் தேடுவதை விட்டுவிட்டு, வலப்பக்கம் மூச்செடுக்கும்போதெல்லாம் கோணேசர் மலை எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே போனாவாம். மலை தோளுக்கு நேரே நிற்கும்வரை வழி சரி. இதை எந்தப் பயிற்றுவிப்பாளரும் அவவுக்குச் சொல்லவில்லை. அவவே கண்டுபிடித்தா. நல்லவேளை, சொல்லவும் சொன்னா.

சொல்லாமல் விடுகிறது எது என்றால், பயம். முக்கியமாக ஆம்பிளைகள். தண்ணீருக்குள் நாலு பேரின் கையும் காலும் முகத்தில் படும்போது மூச்சு முட்டி, நெஞ்சு படபடத்து, திரும்பிவிடுவோமா என்று நினைக்காதவர் குறைவு. மேடையில் வந்து "நீச்சல் நல்லாப் போச்சுது" என்பார்கள். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை ட்ரையத்லன்களில் நடந்த திடீர் மரணங்களையும், இதயம் நின்று காப்பாற்றப்பட்டவர்களையும், விபத்து மரணங்களையும் சேர்த்து எண்ணினார்கள். 135 பேர். அதில் 90 பேருக்கு நீச்சலில்தான் நடந்தது. இது பயமுறுத்தச் சொல்வது இல்லை. மூச்சு முட்டினால் மல்லாந்து மிதக்கலாம், கையைத் தூக்கிக் காவல் தோணியைக் கூப்பிடலாம், தோணியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் ஆறலாம். முன்னேறாமல் பிடித்திருக்கும்வரை பொதுவாகப் போட்டியிலிருந்து நீக்கமாட்டார்கள். அதைச் செய்த ஒருவர் எழும்பிச் சொன்னால், அடுத்த வருடம் இன்னொருவர் வெட்கப்படாமல் கையைத் தூக்குவார்.

கரைக்கு வந்த பிறகு மணல். இது சின்ன விஷயம்தான், ஆனால் ஓட்டத்தைக் கெடுக்கிறது இதுதான். ஈரக்காலில் ஒட்டின மணலோடு சப்பாத்தைப் போட்டால் மூன்றாவது கிலோமீற்றரில் குதிக்காலில் கொப்புளம். அனுபவப்பட்டவர்கள் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு பேசனில் தண்ணீர் வைத்திருப்பார்கள். காலை முக்கி, துவாயில் ஒரு மிதி மிதித்துவிட்டு ஓடுவார்கள். பத்து செக்கன் போகும். போகட்டும்.

நிலாவெளி வீதியில் சைக்கிள் விட்டவர்கள் எல்லோரும் காற்றைத் திட்டத்தான் போகிறீர்கள், நான் அதிகம் சொல்லவில்லை. மதில் இருக்கிறவரை ஒன்றும் தெரியாது. வெட்டை வந்தவுடன் காற்று பக்கவாட்டில் விழுந்து ஹேண்டிலை இழுக்கும். காற்றின் தடையைத் தாண்டத் தேவையான பலம் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும் என்பது பௌதிகம். வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு உழைக்க வேண்டும். அதனால் எதிர்காற்றில் வீரம் காட்டுகிறவர் ஓட்டத்தில் நடப்பார். மாடு, நாய் எல்லாம் எங்கும் உண்டு. நமக்கு மட்டும் மானும் உண்டு. வாழைப்பழ மேசையைக் காவல் காத்த பையன் ஒரு நிமிடம் அந்தப் பக்கம் திரும்ப, ஒரு சீப்பு போய்விட்டதாம். சாப்பிட்டவர் போட்டி இலக்கம் அணியவில்லை.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். "தண்ணீர் குடி, தண்ணீர் குடி" என்று எல்லோரும் கத்துகிறோம். 2002-இல் பொஸ்டன் மரதன் முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 13 பேருக்கு இரத்தத்தில் உள்ள உப்பு, அதாவது சோடியம், அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓடும்போது நிறை கூடினவர்களுக்குத்தான் அது அதிகம், அதாவது வியர்த்ததைவிடக் குடித்தவர்களுக்கு. மெதுவாக ஓடி, ஒவ்வொரு மேசையிலும் நின்று குடிக்கிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து. தாகத்துக்குக் குடியுங்கள், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி உப்புப் பக்கட் ஒன்று கையில் இருக்கட்டும். ஒருவர் தள்ளாடி, சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கினால் அது வெறும் களைப்பு இல்லை, உடம்பில் வெயில் சூடு ஏறியதாக இருக்கலாம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், கிடைக்கிற குளிர்ந்த தண்ணீரில் உடம்பை அமிழ்த்த வேண்டும். வாகனம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

விளையாட்டுப் போட்டி முடிந்தால் வென்றவருக்கு மாலை, பேச்சு, படம். பள்ளிக்கூட மரதன் காலத்திலிருந்து இதே வழக்கம். வென்றவர் ஐந்து கிலோமீற்றரை வெயில் ஏறுமுன்னே முடித்துவிட்டு நிழலில் நிற்கிறார். கடைசியாக வந்தவர்தான் ஏறின வெயிலையும், சூடேறின தாரையும், தீர்ந்துபோன தண்ணீர்ப் போத்தலையும், மேசையை மடக்கிக்கொண்டு போகிற தொண்டர்களையும் கண்டவர். அடுத்த வருடப் போட்டியைத் திருத்த வேண்டுமென்றால் அவரிடம்தான் கேட்க வேண்டும். இங்கே இருக்கிறவர்களில் பெரும்பாலானோர் ஓடப்போவதும் அவருடைய வேகத்தில்தான்.

ஆகையால் நிகழ்ச்சி நிரலைக் கொஞ்சம் தலைகீழாக்கச் சொல்லித் தலைவர் அண்ணையிடம் கேட்டேன். முதலில் முறைத்தார், பிறகு ஒத்துக்கொண்டார். முதலிடம் வந்த தம்பி கோபிக்க வேண்டாம், உங்கள் முறை கடைசி. இப்போது, கடைசிக் கிலோமீற்றரைத் தனியாக நடந்து முடித்த அக்கா வாருங்கள். தண்ணீர் தீர்ந்த மேசை எந்த இடத்தில் என்று தொடங்குங்கள். ஏற்பாட்டுக் குழு முன்வரிசையில்தான் இருக்கிறது.