கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் விசாரணையில் தோற்கும் இடம்

(பெங்களூரில் தமிழர் கூட்டமொன்றில் ஒரு வழக்கறிஞர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் நிறைவேறியது. அதற்கு முந்தைய அக்டோபரிலேயே, நெருக்கடி நிலைக் காலத்தில், அவசரச் சட்டமாக நடைமுறைக்கு வந்திருந்தது. பிறந்த சூழல் எதுவாயினும், ஏட்டளவில் இது வலிமையான சட்டம் என்றே நான் கருதுகிறேன். 6ஆம் பிரிவின்படி கொத்தடிமைக் கடனைத் திருப்பித் தரவேண்டியதே இல்லை. 15ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: தான் பட்டது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொல்லிவிட்டால், அப்படியல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவரைச் சேர்கிறது.

பிறகு எங்கே தோற்கிறோம்? விசாரணையில்தான்.

ஒரு செங்கல் சூளையை எடுத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரியின் நோட்டில் குடும்பத் தலைவரின் பெயருக்கு நேரே முன்பணம் எழுதப்பட்டிருக்கும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தாலும், வாரச் சந்தைக்குப் போகும்போது கைக்கு வருவது அரிசி, பருப்புக்கான செலவுப் பணம் மட்டுமே. மிச்சத்தை முன்பணத்தில் கழிப்பதாகச் சொல்வார்கள், ஆனால் மழையில் கரைந்த பச்சைக்கல்லும் குழந்தையின் மருத்துவச் செலவும் மறுபடி அதே பக்கத்தில் ஏறும். புகாரின்பேரில் வரும் அதிகாரி, உரிமையாளர் அருகில் நிற்க, "கட்டிவைத்து அடித்தார்களா? கதவைப் பூட்டினார்களா?" என்று கேட்கிறார். "இல்லைங்க" என்கிறார் தொழிலாளி. அத்துடன் அது வெறும் கூலித் தகராறாகிவிடுகிறது.

கேட்கவேண்டிய கேள்வி அதுவன்று. டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானங்களில் உழைத்தவர்களைப் பற்றிய வழக்கில், 1982இல், வறுமையால் வேறு வழியின்றிக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைப்பது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஃபரிதாபாத் கல்குவாரிகள் பற்றி, கொத்தடிமைகளின் விடுதலைக்காகப் போராடும் பந்துவா முக்தி மோர்ச்சா அமைப்பு தொடுத்த வழக்கிலோ, கட்டாய உழைப்பு தென்பட்டால் அதன் பின்னால் முன்பணம் இருப்பதாகவே அனுமானிக்க வேண்டும் என்றது. எனவே அதிகாரி முதலில் கேட்கவேண்டியது நோட்டைத்தான். அதையும் உரிமையாளரை அப்புறப்படுத்திவிட்டுக் கேட்கவேண்டும்.

கொத்தடிமையிலிருந்து விடுபட்டவர் என்று அரசு தரும் விடுவிப்புச் சான்றிதழ் கிடைத்த பிறகும் சிக்கல் தீர்வதில்லை. 2016ஆம் ஆண்டு மறுவாழ்வுத் திட்டம் ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடிய நேர்வுகளில் 3 லட்சம் ரூபாய் என்று வகுத்தது. ஆனால் முழுத் தொகையையும் வழக்கின் முடிவோடு முடிச்சுப் போட்டுவிட்டது. சொந்த ஊருக்குத் திரும்பிவிட்ட ஒருவர், வேறொரு மாநில நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வழக்கு முடியும் வரை எதைச் சாப்பிடுவார்? உடனடி உதவித் தொகை ஒன்று தனியே உண்டு. அது அந்த இடைவெளியைத் தாண்டப் போதாது.

இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு, சுரண்டுவதற்காக ஆள் சேர்க்கும் ஆள்கடத்தலைத் தண்டிக்கிறது. பாதிக்கப்பட்டவர் இசைந்து வந்தார் என்ற வாதம் அங்கே எடுபடாது. காவல்துறை இதையும் சேர்த்துப் பதிய வற்புறுத்தவேண்டும்.

நமக்கு நேரடியாக உரிய வேலையும் ஒன்றுண்டு. தமிழ்நாட்டில் ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவை இங்கே துணை ஆணையரிடம் கொடுக்கவேண்டும். தமிழ் மட்டுமே அறிந்த தொழிலாளியின் வாக்குமூலமோ கன்னடத்தில் பதிவாகிறது, பல நேரம் மேஸ்திரியே மொழிபெயர்ப்பாளராகவும் இருக்கிறார். கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் அமலாக்கத்தைக் கவனிக்க அச்சட்டப்படியே அமையும் ஒவ்வொரு மாவட்டக் கண்காணிப்புக் குழுவிலும் இரண்டு சமூகப் பணியாளர்களுக்கு இடமுண்டு. பெங்களூர் நகர, ஊரக மாவட்டங்களில் அந்த இடங்களில் யார் இருக்கிறார்கள், குழு கடைசியாக எப்போது கூடியது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்க, இரு மொழியும் அறிந்த நீங்கள் முன்வரவேண்டும். மனுவின் மாதிரி என்னிடம் இருக்கிறது, கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம்.