துரு பிடித்தால் பிடிமானம் போகும்

(திரையில்: பீமின் அடிப்பக்கம். நீளவாக்கில் ஒரு விரிசல், ஓரத்தில் பழுப்புக் கறை.)

இந்த விரிசலைக் கவனியுங்கள். இது பீமின் குறுக்கே போகவில்லை, உள்ளே கம்பி ஓடும் திசையிலேயே நீளமாகப் போகிறது. பலர் இதன்மேல் சிமெண்டைப் பூசி மறைத்துவிடுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே பதறும், ஏனென்றால் உள்ளே கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் இருந்த பிடிமானம் தளர ஆரம்பித்திருக்கிறது.

(திரையில்: முறுக்குக் கம்பி, மிக அருகில்.)

கம்பிமேல் வரிவரியாக இருக்கிறதே, கான்கிரீட்டுக்கும் கம்பிக்கும் இடையே கைமாறும் பாரத்தில் பெரும்பங்கு இதில்தான் ஏறுகிறது. சிமெண்டின் ஒட்டு, கம்பி இம்மி நழுவினாலே விட்டுப்போகும். அப்புறம் உராய்வும் இந்த வரிகளின் கவ்வலும்தான். ஒவ்வொரு வரியும் தன் முன்னால் இருக்கும் கான்கிரீட்டை நசுக்கும்போது அதை வெளிப்பக்கமாகவும் தள்ளுகிறது, அதனால் கம்பியை மூடியிருக்கும் கவர் கான்கிரீட்டும், கம்பிகளைச் சுற்றிக் கட்டிய வளையமான ரிங்கும் இறுக்கிப் பிடித்திருந்தால்தான் வரிக்கு வேலை.

நல்ல கான்கிரீட்டின் பி.எச். (அமில-கார அளவு) 12.5-க்கு மேல் இருக்கும், அதாவது கடும் காரம். அந்தக் காரத்தில் கம்பிமேல் ஒரு மெல்லிய படலம் உருவாகி அதைக் காக்கிறது. காற்றின் கார்பன் டை ஆக்சைடு காரத்தைக் குறைத்தாலோ, உப்பிலிருந்து குளோரைடு உள்ளே இறங்கினாலோ படலம் போச்சு. ஈரமும் ஆக்சிஜனும் சேர, துரு தொடங்கும்.

துரு, தான் தின்ற இரும்பைப்போல 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். ஆச்சரியம் என்னவென்றால், ஆரம்பத்தில் இந்தப் புடைப்பு கம்பியை இன்னும் இறுக்குவதால் பிடிமானம் கொஞ்சம் கூடவும் செய்யும். கவர் பிளந்ததும் கதை தலைகீழ்: இறுக்கம் போய், கம்பியைச் சுற்றி உதிரித் துரு ஒரு வழுக்கல் அடுக்காக நிற்கிறது, வரிகளும் மழுங்குகின்றன. கம்பியின் கனம் சில சதவீதம்தான் குறைந்திருக்கும், ஆனால் பிடிமானம் அதைவிடப் பலமடங்கு வேகமாகச் சரிந்திருக்கும். ரிங் மெல்லியது, மேற்பரப்புக்கும் பக்கத்தில் இருப்பது, அதனால் பல இடங்களில் துரு முதலில் அதைத்தான் பிடிக்கிறது.

லேப் போட்ட இடத்திலும் (இரண்டு கம்பிகளைக் கொஞ்ச நீளம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைத்த இடம்) கம்பி முடியும் இடத்திலும் இது நடந்தால் ஆபத்து அதிகம், அங்கே பாரம் கைமாறுவதே பிடிமானத்தால்தான்.

சரி, ரிப்பேர்? கம்பிக்குப் பின்னாலும் சுமார் 20 மி.மீ. வரை கொத்தி எடுத்து, துருவை முழுக்கச் சுரண்டி, உப்பு ஏறிய கான்கிரீட்டை அகற்றிய பிறகுதான் புதிதாக நிரப்ப வேண்டும். ஆனால் உளியை எடுக்கும் முன், பொறியாளரைக் கேட்டு முட்டுக் கொடுத்துவிடுங்கள். சுற்றிலும் கொத்திவிட்ட கம்பிக்கு அந்த இடத்தில் பிடிமானமே கிடையாது.