இக்கரையும் அக்கரையும் ஓர் அம்மியும்

(நீலகிரி மாவட்டம் கூடலூரில் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, மலையேறி வந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, இந்த மழையிலும் நேரத்துக்கு வந்துவிட்ட நகர்மன்றத் தலைவர் அவர்களே, நம் நூலகர் தம்பி, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதில் கம்பளித் துண்டு போர்த்திய தோழர்களுக்குத் தனி நன்றி, இந்தக் குளிருக்கு அதுதான் உதவும். முன்வரிசையில் இருக்கும் என் பழைய தலைமையாசிரியரை விட்டுவிட்டால் நான் வீடு போய்ச் சேர முடியாது. ஐயா, வணக்கம்.

மனிதர்கள் ஏன் ஊர் விட்டு ஊர் போகிறார்கள், அதனால் நாடுகள் எப்படி மாறுகின்றன என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று காரணம் சொல்கிறேன்: பசி, ஆசை, சட்டம். நாடுகள் மாறுவதை அப்புறம் பார்ப்போம்.

முதலில் பசி. 1820களில் இலங்கையின் கண்டிச் சீமையில் காப்பித் தோட்டங்கள் வந்தபோது திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்துச் சனங்கள் கடல் தாண்டி, மன்னார்க் காட்டு வழியே நடந்தே மலைக்குப் போனார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1869இல் காப்பி இலையில் நோய் கண்டது. காப்பி அழிந்து, தேயிலை வந்தது. காப்பிக்குப் பருவத்தில்தான் ஆள் அதிகம் வேண்டும், பறித்துவிட்டு ஊர் திரும்பலாம். தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். போய்வந்து கொண்டிருந்தவர்கள் பெண்டு பிள்ளைகளோடு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தங்கிப்போனது அதனால்தான். இடையில் 1876இல் தாது வருஷப் பஞ்சம் வேறு.

அடுத்தது ஆசை. ஆள் கட்ட வந்த கங்காணி, தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்றானாம். இக்கரைக்கு அக்கரை பச்சை. இந்தப் பழமொழியை நான் மேடைக்கு மேடை சொல்வதாக வீட்டில் கேலி செய்கிறார்கள், செய்யட்டும். அக்கரை பச்சையாக இருந்தது நிஜம்தான். ஆனால் காட்டை வெட்டி அந்தப் பச்சையை உண்டாக்கியதே இக்கரையிலிருந்து போனவன்தான்!

மூன்றாவது சட்டம். இலங்கை அரசின் 1948 குடியுரிமைச் சட்டத்தால், இப்படிப் போய்த் தங்கிய மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். சந்தையில் கத்தரிக்காயைக் கூறு கட்டுவது போல.

அப்படிக் கட்டிய கூறில் எங்கள் வீடும் ஒன்று. 1971, எனக்கு ஒன்பது வயது. ஹட்டனிலிருந்து ரயில், தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரத்தில் சுங்கச் சோதனை. எங்கள் அப்பாயி ஒரு மூட்டையைக் கீழே இறக்கவே இல்லை. பழைய சேலையில் சுற்றி, இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மூச்சு வாங்க நிற்கிறது. அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தங்கம் என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு பேரைக் கூப்பிட்டு அவிழ்க்கச் சொன்னார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவது சுற்றில் வந்தது அம்மிக்கல்.

"ஏம் பாட்டி, இந்தியாவுல அம்மி கிடைக்காதா?"

"எம் மாமியா துறையூர்ல இருந்து தூக்கிட்டுப் போன கல்லு சாமி. இது சீமைச் சாமான் இல்ல, வீட்டுக்குத் திரும்புது."

அதிகாரி சிரித்துவிட்டு, சாக்கட்டியால் மூட்டையில் ஒரு கோடு போட்டு அனுப்பிவிட்டார். மண்டபம் முகாமில் அன்று இரவு துவையல் அரைக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, குழவியை லயத்துத் திண்ணையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம். அப்பாயி அழுதது அன்றைக்குத்தான்.

இக்கரைக்கு அக்கரை பச்சை. அங்கே எங்களைக் கள்ளத்தோணி என்றார்கள், இங்கே சிலோன்காரன் என்றார்கள்.

நாடுகள் மாறுவதைப் பற்றி மலேயா, பிஜி என்று நாலு பக்கம் எழுதி வந்தேன். அலுவலர் கடிகாரத்தைப் பார்க்கிறார், கீழே இறங்கும் கடைசிப் பேருந்து பற்றி எனக்கும் தெரியும். ஒன்று மட்டும். திரும்பி வந்தவர்களுக்காக 1968இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது, அதுதான் இன்றைய டான்டீ, தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். அங்கே பழகிய கை இங்கேயும் மலையைத் தேயிலையாக்கியது. வெளியே எட்டிப் பாருங்கள், போதும்.

சரி, நான் வந்த காரியத்துக்கு வருகிறேன். உங்கள் டிரங்குப் பெட்டிகளில் பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை, தோட்டத்துச் சம்பளத் துண்டு எல்லாம் கிடக்கின்றன. கரையான் படிக்கிறது, நாம் படிப்பதில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பழைய பேப்பரோடு எடைக்கே போட்டுவிட்டார்கள். அப்புறம் பேரனுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், தாத்தா எங்கிருந்து வந்தார், காகிதம் எங்கே என்கிறார்கள். இந்த நூலகத்தின் பின் அறையில் இப்போது கால் உடைந்த நாற்காலிகள்தான் இருக்கின்றன. அலுவலர் அவர்களே, இந்தக் காகிதங்களின் நகலைச் சேர்த்து வைக்க அந்த அறையை எங்களுக்குத் தாருங்கள். இது என் ஐந்தாவது மனு, முதல் நான்கின் நகலும் பையில் இருக்கிறது.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு நானும் நூலகர் தம்பியும் இங்கே இருப்போம். அசலை வாங்கி வைத்துக்கொள்ள மாட்டோம், நகல் எடுத்ததும் கையில் தந்துவிடுவோம். செராக்ஸ் செலவு என்னுடையது. அம்மியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். ஆனால் ஹட்டன் பக்கம் யாராவது போவதாக இருந்தால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஒரு குழவியைப் பற்றி விசாரிக்க வேண்டும்.