மதுரை எம்.பி. டெல்லியில் என்ன செய்கிறார்? அந்தக் கணக்கை எங்கே, எப்படிப் படிப்பது?

[திரையில்: மதுரை மாவட்டமும் அக்கம்பக்கமும் உள்ள வரைபடம். தோப்பூரிலும் கீழடியிலும் சிவப்புப் புள்ளி.]

வணக்கம். தோப்பூர் எய்ம்ஸ், கீழடி அருங்காட்சியகம், இரண்டுமே மதுரை மக்களவைத் தொகுதிக்குள் வராது. தோப்பூர் விருதுநகர் தொகுதி. கீழடி சிவகங்கைத் தொகுதி. ஆனால் டீக்கடையில் எய்ம்ஸ் பேச்சு வந்தால், "நம்ம எம்.பி. என்னதான் பண்றாரு?" என்று கேட்பது மதுரை எம்.பி.யை நினைத்துத்தான்.

மதுரை மாவட்டத்தில் பத்துச் சட்டமன்றத் தொகுதிகள் உண்டு. மேலூர், மதுரை கிழக்கு, வடக்கு, தெற்கு, மத்தி, மேற்கு ஆகிய ஆறு மட்டும்தான் மதுரை மக்களவைத் தொகுதி. திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் விருதுநகரோடு போய்விட்டன. சோழவந்தானும் உசிலம்பட்டியும் தேனியோடு. ஆக, ஒரே மாவட்டத்துக்கு மூன்று எம்.பி.க்கள். யாரிடம் எதைக் கேட்பது என்பதிலேயே பாதிப் பேருக்குக் குழப்பம் இருப்பதில் ஆச்சரியமில்லை.

[திரையில்: மக்களவை உள்ளரங்கப் படம்.]

இப்போதைய எம்.பி. சு. வெங்கடேசன். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி. 2011இல் சாகித்திய அகாதமி விருது வாங்கிய நாவலாசிரியர். 2019இல் ஜெயித்தார், 2024இல் திமுக கூட்டணியில் மறுபடியும் ஜெயித்தார். இரண்டாவது தடவை வித்தியாசம் 2 லட்சத்து 9 ஆயிரத்துக்கு மேல். இந்த வீடியோ அவரைப் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. அதற்கு வேறு சேனல்கள் நிறைய இருக்கின்றன. ஓர் எம்.பி.யின் பொதுக் கணக்கை எப்படிப் படிப்பது என்று, அவருடையதை வைத்தே பார்க்கப் போகிறோம்.

முதலில் எல்லோரும் எடுத்துக்கொண்டு வரும் கணக்கு, வருகைப் பதிவு. இத்தனை சதவீதம், இத்தனை கேள்வி, இத்தனை விவாதம் என்று ஒரு படம் தேர்தல் சமயத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றும். அதில் ஏமாறாதீர்கள். வருகை என்றால் வந்ததாகப் பதிவு செய்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்று அதில் இருக்காது. அமைச்சர்கள் வருகையைப் பதிவு செய்யவே வேண்டாம், கேள்வி கேட்கவும் மாட்டார்கள். 2009இல் மதுரையில் ஜெயித்த மு.க. அழகிரி மத்திய அமைச்சராக இருந்தார். அவர் அமைச்சராக இருந்த வருடங்களையும் வெங்கடேசனின் வருடங்களையும் கேள்வி எண்ணிக்கையில் ஒப்பிட்டால் கணக்கே தப்பு.

இன்னொன்று. 2019 முதல் 2024 வரை, ஐந்து வருடத்தில் மக்களவை கூடியது மொத்தம் 274 நாள். வருடத்துக்குச் சராசரியாக 55 நாள். எல்லா நாளும் வந்தவரைக்கூட மிச்சம் 310 நாளில் என்ன செய்தார் என்று கேட்கத்தான் வேண்டும்.

சரி, கேள்விகளுக்கு வருவோம். வீடியோவில் அதிக நேரம் இங்கேதான் செலவழிக்கப் போகிறேன்.

[திரையில்: ஓர் எழுத்துபூர்வ பதிலின் முதல் பக்கம். அமைச்சகத்தின் பெயர், தேதி, கேள்வி எண் மட்டும் பெரிதாக.]

அவை நடக்கும் நாளில் காலை 11 முதல் 12 வரை கேள்வி நேரம். ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்விகள் 20. இவற்றுக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், அங்கேயே துணைக் கேள்வியும் கேட்கலாம். நட்சத்திரம் இல்லாதவை 230. இவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். யார் கேள்வி உள்ளே போகும் என்பது குலுக்கலில் முடிவாகிறது. ஒரு மணி நேரத்தில் 20 கேள்வியும் தாண்டுவது அபூர்வம். பத்தாவது இடத்தில் இருக்கும் நல்ல கேள்விக்கு அமைச்சர் எழுந்திருக்கவே வேண்டியிருக்காது, மேசையில் வைக்கும் காகிதத்தோடு முடிந்துவிடும். 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள்.

இதனால்தான் எண்ணிக்கையை விட அந்தக் காகிதத்தைப் படியுங்கள் என்கிறேன். எழுத்தில் வரும் பதில் என்பது மத்திய அரசு தேதி போட்டு, அவைக்குக் கொடுத்த வாக்குமூலம். மேடையில் பேசியதை மறுக்கலாம், இதை மறுப்பது கஷ்டம். ஒரே விஷயத்தில் வந்த பதில்களை வரிசையாக அடுக்கினால் கதை தானாகத் தெரியும்.

எய்ம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: காலவரிசை. ஆண்டுகள் ஒவ்வொன்றாக வரட்டும்.]

2015 பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்று அறிவிப்பு. இடம் தோப்பூர் என்று முடிவாவதற்கு 2018 ஆனது. அந்த வருடக் கடைசியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல், மதிப்பு 1,264 கோடி ரூபாய். 2019 ஜனவரி 27இல் பிரதமர் அடிக்கல் நாட்டினார். அடிக்கல் நாட்டியபோது பணம் கையில் இல்லை, ஜப்பானின் ஜைகா நிறுவனத்தின் கடனை நம்பித்தான் திட்டமே. கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது 2021 மார்ச்சில். அதற்குள் மதிப்பீடு 1,977.8 கோடிக்குப் போய்விட்டது. 2022இல் முதல் 50 மாணவர்கள் சேர்ந்தார்கள், ஆனால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில். தோப்பூரில் கட்டட வேலை தொடங்கியது 2024 மார்ச். அதாவது இன்னொரு மக்களவைத் தேர்தல் வரும் நேரம்.

வெங்கடேசனும், தோப்பூர் எந்தத் தொகுதியில் இருக்கிறதோ அந்த விருதுநகரின் மாணிக்கம் தாகூரும், மற்றத் தமிழக எம்.பி.க்களும் இதைத் திரும்பத் திரும்ப எழுப்பினார்கள். அதனால் மருத்துவமனை சீக்கிரம் வந்துவிட்டதா? இல்லை. பின்னே என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். தாமதத்துக்கு அரசு எந்த வருடம் என்ன காரணம் சொன்னது என்பது அவைக் குறிப்பில் ஏறியிருக்கிறது. "பரிசீலிக்கிறோம்", "விரைவில் செய்வோம்" என்று அமைச்சர் அவையில் சொன்னால் அது உறுதிமொழிக் கணக்கில் சேரும். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். இல்லையென்றால் அரசு உறுதிமொழிகளுக்கான குழு துரத்தும். துரத்துவது நத்தை வேகத்தில்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது கடிதம். வெங்கடேசன் நிறைய எழுதுகிறார், எழுதியதைச் சமூக ஊடகத்திலும் போடுகிறார். கடிதம் எழுதுவது பெரிய வேலையா என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. பெரும்பாலான கடிதங்களுக்கு அந்தக் கிண்டல் பொருந்தவும் செய்யும். ஆனால் ஒன்று வேறு மாதிரிப் போனது. 2020 அக்டோபரில், மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் துணை மருத்துவப் பணித் தேர்வுக்குத் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஒரு மையம்கூட இல்லையே என்று உள்துறைக்கு ஆங்கிலத்தில் எழுதினார். பதில் வந்தது, இந்தியில். அவர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2021 ஆகஸ்டில் தீர்ப்பு: ஆங்கிலத்தில் மனு கொடுத்தால் மத்திய அரசு ஆங்கிலத்தில்தான் பதில் சொல்ல வேண்டும். தேர்வு மையம் கேட்ட கடிதம், எல்லோருக்கும் பயன்படும் ஒரு தீர்ப்பாக முடிந்தது. எத்தனை கடிதம் என்று எண்ணுவதில் இது தெரியுமா?

[திரையில்: அரிட்டாபட்டி மலை, ஏரி.]

இப்போது அரிட்டாபட்டி. இது மேலூர், மதுரைத் தொகுதிக்குள்ளேயே வருகிறது. 2022 நவம்பரில் மாநில அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர். 2024 நவம்பரில் அதையும் சேர்த்து, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கம் என்று சுமார் 5,000 ஏக்கரை இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஏலத்தில் கொடுத்தது மத்திய அரசு. டிசம்பரில் அதை எதிர்த்துச் சட்டமன்றத்தில் தீர்மானம், நாடாளுமன்றத்தில் எதிர்ப்புக் குரல். 2025 ஜனவரி 7இல் மேலூர்ப் பக்கத்து விவசாயிகள் தல்லாகுளம் வரை நடந்தே வந்தார்கள். ஜனவரி 23இல் ஏலம் ரத்து. ரத்தானதும் கட்சிக்கு ஒருவர் உரிமை கொண்டாடினார்கள். என்னைக் கேட்டால் முதல் பங்கு அந்த நடைபயணத்துக்கு.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. மாநிலத்தின் கையில் இருந்த அந்த ஏல அதிகாரம் மத்திய அரசுக்கு எப்படிப் போனது? 2023இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தினார்கள். மக்களவையில் அந்த மசோதா ஜூலை 28 அன்று, மணிப்பூர் வன்முறை பற்றிய அமளிக்கு நடுவே, குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. குரல் வாக்கெடுப்பு என்றால் "ஆம்" என்பவர்கள் கத்துவார்கள், "இல்லை" என்பவர்கள் கத்துவார்கள், எந்தச் சத்தம் பெரிது என்று அவைத் தலைவர் முடிவு சொல்வார். யார் எந்தப் பக்கம் என்று பெயர் பதிவாகாது. நம் நாட்டில் பெரும்பாலான மசோதாக்கள் இப்படித்தான் நிறைவேறுகின்றன. பெயர் வாரியாக வாக்குப் பதிவானாலும், 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தால் கட்சியின் உத்தரவைச் சொல்லும் கொறடா காட்டிய பக்கம்தான் கை தூக்க முடியும். ஓர் எம்.பி.யின் கணக்கில் மிகப் பெரிய ஓட்டை இதுதான். கேள்வி இருக்கிறது, பேச்சு இருக்கிறது. வாக்கு இல்லை.

அப்புறம் பேச்சு. 543 பேர் அவையில் வெங்கடேசனின் கட்சிக்கு இப்போது 4 பேர். பேச நேரம் கட்சி பலத்தைப் பொறுத்துத்தான் கிடைக்கும், அதனால் சில நிமிடம்தான். தமிழிலேயே பேசுகிறார். எழுத்தாளர் என்பதால் வரி கூர்மையாக இருக்கும், காணொளித் துண்டாகப் பரவும். சில சமயம் அதுவே வம்பு. 2024 ஜூலையில் புதிய நாடாளுமன்றத்தில் வைத்த செங்கோலை மன்னராட்சியின் சின்னம் என்று சாடினார். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சிக்குச் செங்கோல் கொடுக்கிற ஊரின் எம்.பி. இப்படிப் பேசலாமா என்று கோபப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கோயில் செங்கோல் வேறு, நாடாளுமன்றச் செங்கோல் வேறு என்று அவர் பக்கம் நின்றவர்களும் இருக்கிறார்கள். இரண்டில் எதுவானாலும், முப்பது விநாடித் துண்டை வைத்து முடிவு செய்யாமல் முழு உரையைப் படித்துவிட்டுப் பேசுங்கள். அவைக் குறிப்பில் கிடைக்கும்.

தொகுதி நிதியைப் பற்றிச் சுருக்கமாக. வருடம் 5 கோடி ரூபாய். எம்.பி. பரிந்துரைதான் செய்யலாம், அனுமதி கொடுத்துச் செலவழிப்பது மாவட்ட நிர்வாகம். கொரோனா நேரத்தில் 2020 ஏப்ரலிலிருந்து ஒன்றரை வருடத்துக்கு மேல் நிதியையே நிறுத்தி வைத்திருந்தார்கள். அதனால் அவருடைய முதல் ஐந்து வருடத்தில் நிழற்குடையும் வகுப்பறையும் ஏன் குறைவு என்று கேட்கும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள். குப்பை அள்ளுவது மாநகராட்சி வேலை. 2025 ஜூலையில் வந்த தூய்மைத் தரவரிசையில் 40 பெருநகரங்களில் மதுரைக்குக் கடைசி இடம். அதற்கு முதலில் கேட்க வேண்டியது கவுன்சிலரையும் மேயரையும்.

[திரையில்: திருமங்கலம் – ஒத்தக்கடை மெட்ரோ வழித்தடம்.]

கடைசியாக மெட்ரோ. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டர், மதிப்பீடு 11,368 கோடி. 2025 நவம்பரில் திட்ட அறிக்கையை மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 2011 கணக்கெடுப்புப்படி 20 லட்சம் மக்கள்தொகை இல்லை என்பது சொன்ன காரணம். இதே விஷயத்தை நீங்களே பின்தொடர்ந்து பாருங்கள். சன்சத் டாட் இன் தளத்துக்குப் போய், மக்களவை, உறுப்பினர்கள் என்று அழுத்தி, சு. வெங்கடேசன் பெயரைத் திறங்கள். 18ஆவது மக்களவை என்று தேர்ந்தெடுத்தால் கேள்விகளும் விவாதங்களும் தனித்தனியாக இருக்கும். மெட்ரோ என்றால் வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம். எய்ம்ஸ் என்றால் சுகாதாரம். கீழடி என்றால் கலாசாரம். பதிலின் தேதியை முதலில் பாருங்கள், பிறகு போன வருடம் இதே கேள்விக்கு என்ன சொன்னார்கள் என்று தேடுங்கள். திருமங்கலத்துக்காரர்கள் மாணிக்கம் தாகூர் பெயரையும், உசிலம்பட்டிக்காரர்கள் தங்க தமிழ்ச்செல்வன் பெயரையும் திறக்க வேண்டும். வழி எல்லோருக்கும் ஒன்றுதான்.