கையில் நாடி நன்றாகத்தான் இருந்தது

நேயர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ படிக்கிற ஒரு பையன். நாலைந்து மாதமாகத் தலைவலி. பரீட்சை பயம் என்றார்கள். பவர் கூடியிருக்கும் என்று கண்ணாடியை மாற்றினார்கள். யாரோ சொல்லி ஒருநாள் பிரஷர் பார்த்தபோது 190/110. பதினேழு வயதுக்கு இவ்வளவா என்று மெஷினைச் சந்தேகப்பட்டு, வேறொன்றில் பார்த்தார்கள். அதிலும் அப்படியேதான். அப்புறம்தான் என்னிடம் வந்தார்கள்.

இரண்டு மணிக்கட்டிலும் ஒரே நேரத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். நாடி நன்றாகத்தான் இருந்தது. படுக்க வைத்துத் தொடை இடுக்கில் தொட்டேன், அங்கே துடிப்பு மெலிந்திருந்தது. தொப்புளுக்குச் சற்று மேலே ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் 'உஸ்... உஸ்...' என்று ஒரு சத்தம், பாதி மூடிய குழாயில் தண்ணீர் சீறுகிற மாதிரி. ஸ்கேன் எடுத்தோம். வயிற்றில் இறங்கும் பெருந்தமனியும், அதிலிருந்து இடது சிறுநீரகத்துக்குப் பிரியும் தமனியும் சுருங்கிப் போயிருந்தன.

தமனியின் சுவரில் அழற்சி ஏற்பட்டு, சுவர் தடித்து, ரத்தம் போகிற வழி குறுகுகிற நோய் இது. பெயர் தகாயாசு ஆர்ட்டரைட்டிஸ். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஓரிருவருக்குப் புதிதாக வரக்கூடிய அபூர்வ நோய். பெரும்பாலும் நாற்பது வயதுக்குள் வந்துவிடும்.

இந்தப் பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. மிகிதோ தகாயாசு ஜப்பானின் கனசாவா நகரத்துக் கண் மருத்துவர். 1908இல் கண் மருத்துவர்கள் கூடிய ஒரு மாநாட்டில், 21 வயதுப் பெண் ஒருவரின் விழித்திரையில் தான் கண்டதை விவரித்தார். பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழைகிற இடத்தைச் சுற்றி ரத்தநாளங்கள் மலர் வளையம் போலப் பின்னிக் கிடந்தன. உடனே அதே கூட்டத்தில் வேறு இரு மருத்துவர்கள், தாங்களும் இப்படி ஆட்களைப் பார்த்திருக்கிறோம், அவர்களுக்கு மணிக்கட்டில் நாடியே கிடைக்கவில்லை என்றார்கள். கழுத்துக்கும் கைக்கும் போகும் தமனிகள் அடைபட்டதால் வந்த விளைவு அது. பின்னாளில் ஜப்பானிய மருத்துவர்களே இதற்கு 'நாடியற்ற நோய்' என்று பெயர் வைத்தார்கள். இளம்பெண், கையில் நாடி இல்லை, பார்வை மங்கல். பாடப்புத்தகத்துக்குள் போன படம் இதுதான். நானும் அப்படித்தான் படித்தேன்.

ஆனால் இந்தியாவில் வருகிற நோயாளிகள் பலர் அந்தப் படத்துக்குள் அடங்குவதில்லை. 1997இல் வெளியான ஓர் ஆய்வு 80 ஜப்பானிய நோயாளிகளையும் 102 இந்திய நோயாளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. ஜப்பானியரில் 100க்கு 96 பேர் பெண்கள். இந்தியரில் 63தான். அதாவது இங்கே மூன்றில் ஒருவருக்கு மேல் ஆண். நோய் பிடிக்கும் இடமும் வேறு. அங்கே இதயத்தை ஒட்டிய பெருந்தமனி வளைவும் அதன் கிளைகளும். அதனால் தலைசுற்றல், பார்வைக் கோளாறு, கை ஓய்ந்து போதல், சிலருக்கு இதய வால்வில் ஒழுக்கு. இங்கே வயிற்றுப் பெருந்தமனியும் சிறுநீரகத் தமனியும். அதனால் உயர் ரத்த அழுத்தம். சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைந்தால், உடம்பு முழுக்கவே ரத்தம் வற்றிவிட்டதாக அது எடுத்துக்கொள்கிறது. ரெனின் என்ற பொருளைச் சுரந்து பிரஷரை ஏற்றிவிடுகிறது. அந்தப் பையனின் தலைவலி அங்கிருந்து வந்ததுதான்.

ஏன் இப்படி நாட்டுக்கு நாடு மாறுகிறது? மரபணு ஒரு காரணம். எச்.எல்.ஏ. பி52 என்ற வகை ஜப்பானிய நோயாளிகளிடம் அதிகம். இந்திய நோயாளிகளிடமும் அந்தத் தொடர்பு தெரிந்திருக்கிறது. ஆகவே ஒரே மரபணு இருந்தும் நோய் வேறு இடத்தைப் பிடிப்பது ஏன் என்பதற்கு அது மட்டும் பதிலாகாது. காசநோய் மீதும் வெகுநாள் சந்தேகம் உண்டு. 1970களில் மெக்சிகோவில் பார்த்த நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காசநோய் வந்த வரலாறு இருந்தது. அதுதான் காரணம் என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. தகாயாசு போலவே தமனிச் சுவரில் அழற்சி ஏற்படுகிற இன்னொரு நோயான ராட்சத செல் ஆர்ட்டரைட்டிஸ் இதற்கு நேர்எதிர். அது ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு வருவது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் அதிகம், நம் பக்கம் அரிது.

நம் நோயாளிகளுக்கு ஏற்ற அளவுகோல் நமக்கு வேண்டும் என்று இந்திய மருத்துவர்கள் முயன்றதில் எனக்குப் பெருமை உண்டு. நோய் இப்போது தீவிரமாக இருக்கிறதா, அடங்கியிருக்கிறதா என்று மதிப்பெண் போட்டுச் சொல்லும் முறை ஒன்றை, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் சேர்ந்து உருவாக்கினார்கள். ஐ.டி.ஏ.எஸ். 2010 என்று அதற்குப் பெயர். இன்று மற்ற நாடுகளிலும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். முதலில் ஸ்டீராய்டு, கூடவே எதிர்ப்பாற்றலை மட்டுப்படுத்தும் மருந்துகள். தொடங்கும் முன் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவோம். நடுவில் நீங்களாக ஸ்டீராய்டை நிறுத்திவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. அழற்சி அடங்கிய பிறகு, தேவைப்பட்டால், சுருங்கிய தமனியைப் பலூன் வைத்து விரிக்கலாம். அந்தப் பையனுக்கு அப்படித்தான் செய்தோம். இப்போது கல்லூரியில் படிக்கிறான். இரண்டு மாத்திரையில் பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது.

உங்கள் வீட்டில் முப்பது வயதுக்குள் யாருக்காவது பிரஷர் அதிகம் என்றால், இரண்டு கையிலும் ஒரு காலிலும் அளந்து பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். கைத் தமனி அடைத்திருந்தால் அந்தக் கையில் பிரஷர் குறைவாகவே காட்டும், உள்ளே உண்மைப் பிரஷர் எகிறி நிற்கும். கையில் நாடி சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினால், வயிற்றிலும் ஒருமுறை ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பாருங்கள் என்று தயங்காமல் கேளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

நன்றி, வணக்கம்.